வியாழக்கிழமை வண்டியை யார் ஓட்டுவது?

அத்தியாயம் 9

போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை என்பவர்களுக்காக ஒரு சுருக்கம்.

ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஷிகெஹாருவுக்கு டிசம்பரில் எண்பது முடிகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் ஞாபகப் பரீட்சை எழுது, பிறகு ஓட்டிக் காட்டு என்று அஞ்சலட்டை வந்தது. எழுபத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் வருவதுதான். மட்சுயாமாவில் குடிநீர் இலாகாவில் வேலை பார்க்கும் மகன் நோரிஹிகோ, இதுதான் சமயம் என்று வந்து உட்கார்ந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டான். இந்த வீட்டில் வண்டி ஓட்ட ஆள் இல்லை என்று ஆகிவிட்டால், வருஷக் கடைசிக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு நகரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

கிளம்புவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டத்தின் பெயர் கனாயே. நோரிஹிகோவின் தங்கை. வயது நாற்பத்தாறு. பிறந்ததிலிருந்து யாராவது துணைக்கு இருக்க வேண்டியவள். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகாத பள்ளத்தாக்கில் ஓர் இல்லத்தில் இருபத்தொரு வருஷமாக இருக்கிறாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்கு அப்பா தோட்டத்துக் குட்டி லாரியை ஓட்டிக்கொண்டு வருவார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். இரண்டரை மணிக்கே கனாயே ஜன்னலுக்கு வந்து நின்றுவிடுவாள்.

மட்சுயாமாவுக்குப் போய்விட்டால் வியாழக்கிழமை என்பது வருஷத்துக்கு இரண்டு தடவை ஆகிவிடும். தமயோவால் அதை நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

தமயோ, ஷிகெஹாருவின் மனைவி. அவளுக்கும் இந்த டிசம்பரில் எழுபத்தேழு. அவளுக்கும் அதே அஞ்சலட்டை வந்தது, ஏனென்றால் அவளிடமும் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. சும்மா இல்லை, தங்கப் பட்டை போட்டது. வருஷக்கணக்கில் விபத்தோ அபராதமோ இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் கௌரவம். தமயோ அதைச் சம்பாதித்த வழி சுலபமானது. அவள் வண்டியே ஓட்டுவதில்லை.

நாற்பத்து மூன்று வருஷமாக ஓட்டாமல், புதுப்பிக்க மட்டும் தவறாமல் போய்வருகிறாள். எழுபதுக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுநர் பள்ளி மைதானத்தில் பத்து நிமிஷம் ஓட்டச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் அவள் ஓட்டம். ஒலிம்பிக்கை விடக் கொஞ்சம் அடிக்கடி ஓட்டுவாள் என்று ஷிகெஹாரு கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லிச் சிரிப்பார். எதற்கு வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், அடையாள அட்டைக்கு என்பாள்.

மூன்று மாதம் காத்திருந்து பள்ளியில் கிடைத்த தேதி நவம்பர் ஏழு. அதுவும் ஒரு வியாழக்கிழமை. காலையில் பரீட்சை, மதியம் ஓட்டம், முடிந்ததும் நேரே கனாயேவிடம் போவதாகத் திட்டம். லாரியில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் ரயிலில் வந்த நோரிஹிகோ டாக்ஸி பிடித்து வந்தான்.

ஞாபகப் பரீட்சைக்கு ஷிகெஹாரு படித்த படிப்பை, பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் மந்திரியாகியிருப்பார். பதினாறு படங்களைக் காட்டுவார்கள். பிறகு வேறு ஏதோ எண்களைக் கோடிட்டு அடிக்கச் சொல்லிக் கவனத்தைக் கலைத்துவிட்டு, பார்த்த படங்களையெல்லாம் எழுதச் சொல்வார்கள். படங்களின் தொகுப்பு மொத்தம் நான்கு. நான்கையும் புத்தகமாகப் போட்டுக் கடையில் விற்கிறார்கள். எங்கள் ஊரில் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டில் தமயோ கேள்வி கேட்பாள், அவர் ஒப்பிப்பார். பீரங்கி, ஆர்கன், காது, ரேடியோ. டாங்கி, மேளம், கண், ஸ்டீரியோ. அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அன்று வந்தது மூன்றாம் தொகுப்பு. மாடு என்று எழுத வேண்டிய இடத்தில் அவருக்குச் சிங்கம், முயல், குதிரை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. எதைப் பார்த்தோம், எதைப் படித்தோம் என்று பிரிக்கத் தெரியாமல் வியர்த்துப்போனார். பக்கத்து மேஜையில் தமயோ பதினாறையும் எழுதி முடித்துப் பென்சிலைக் கீழே வைத்த சத்தம் வேறு கேட்டது.

ஆனாலும் தேறிவிட்டார். மயிரிழைதான், ஆனால் தேறிவிட்டார். மதியம் மூவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டார்கள். நோரிஹிகோ அப்பாவின் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, ஞாபகம்தான் தனக்குப் பயமாக இருந்தது, அது சரி என்றால் தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றான். நல்ல பிள்ளைதான் அவன். பேப்பரில் எங்கேயோ ஒரு கிழவர் கடைக்குள் காரை விட்டுவிட்டார் என்று படித்த நாளெல்லாம் தூங்காமல் போன் செய்கிறவன்.

குடும்பமே முன்வாசலில் காவல் நின்றது. திருடன் கொல்லைப்புறமாக வந்தான்.

மதிய ஓட்டத்தில் ஒரு காருக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் பின் சீட்டில். மூன்றாவது ஆளாக வந்தவர் முடிதிருத்தும் கடை ஓகுரா. முன்னால் பயிற்சியாளர் கிரினோ, முப்பது வயதுப் பெண், அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். ஷிகெஹாரு முதலில் உட்கார்ந்தார். அறுபது வருஷம் ஓட்டிய கை. வளைவுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஓகுரா அசந்துபோய், கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்றார்.

கடைசியில் ஒரு படி. பத்து சென்டிமீட்டர் உயரம்தான். முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, ஏறிய மறுநொடி நிறுத்த வேண்டும்.

வண்டி ஏறியது. நிற்கவில்லை. எஞ்சின் அலறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. கிரினோ தன் பிரேக்கை மிதித்ததில் ஓகுராவின் தொப்பி பறந்து முன் சீட்டில் விழுந்தது.

"காலை மாத்திட்டீங்களா ஐயா?" என்று கிரினோ மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. பிரேக்கைத்தான் மிதிச்சேன்."

பிறகு அவரே காரணமும் சொன்னார். எங்கள் தோட்டங்கள் எல்லாம் கடலைப் பார்த்த சரிவு. பெட்டி ஏற்றிய லாரியை ஒரு மேட்டில் ஏற்றினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது, இன்னும் அழுத்த வேண்டும். எடுத்தால் வண்டி பின்னால் உருண்டு ஆளும் ஆரஞ்சும் கடலுக்குப் போகவேண்டியதுதான். அந்தப் பழக்கம் என்றார். கிரினோ தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை ஏற்றச் சொன்னாள். இரண்டாவது தடவை சரியாக நின்றது. கத்திரி கையில் இருக்கும்போது நீ இப்படித் துள்ளியிருந்தால் காது போயிருக்கும் என்று சொல்லி ஓகுரா எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

தமயோ மட்டும் சிரிக்கவில்லை.

அவள் முறை வந்தது. சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியை மூன்று தடவை திருத்தி, மைதானத்தைச் சுற்றப் புறப்பட்டாள். சைக்கிள்காரன் முந்திவிடுவான், அந்த வேகம். நிறுத்தக் கோடு ஒவ்வொன்றிலும் நின்று இடம், வலம், மறுபடி இடம் பார்த்தாள். ஓகுரா ஒரு குட்டித் தூக்கமே போட்டார். படிக்கு வந்தாள், ஏற்றினாள், காலை எடுத்து மாற்றி வைத்தாள். வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. கிரினோ தாளில் சரி என்று ஒரு வட்டம் போட்டாள்.

இந்த ஓட்டத்தில் தேறுவது தவறுவது என்று கிடையாது. அபராதம் எதுவும் வாங்காதவர்கள் வந்து ஓட்டினாலே போதும், சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். மூன்று பேருக்கும் கொடுத்தார்கள். ஷிகெஹாருவிடம் நீட்டும்போது கிரினோ, தாள் எல்லாருக்கும் கிடைக்கும் ஐயா, ஓட்டுவதா வேண்டாமா என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நோரிஹிகோ காத்திருக்கும் அறையில் எழுந்து நின்றான். அப்பா தாளைக் காட்டினார். பையன் பேச்சு மாறுகிறவன் இல்லை. குனிந்து வணங்கி, சரிப்பா, நான் இனிமேல் கேட்க மாட்டேன் என்றான். தமயோ தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே திரும்பிப் போய், தண்ணீர் குடிக்கத் தேவைப்படுவதைவிட அதிக நேரம் கழித்து வந்தாள். நோரிஹிகோ டாக்ஸிக்குப் போன் செய்துகொண்டு பின்தங்கினான்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஷிகெஹாரு லாரியில் ஏறிச் சாவியைப் போட்டார். ஏறு, கனாயே ஜன்னலில் நிற்பாள், நேரமாகிறது என்றார். தமயோ ஏறவில்லை. சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி உக்காந்து உங்க முழங்காலைத்தான் பாத்துட்டிருந்தேன். அது பிரேக் பக்கம் நகரவே இல்லைங்க."

"அதான் சொன்னேனே. மலைப் பழக்கம்."

"தப்பா மிதிச்சுட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா நானும் பேசாம ஏறியிருப்பேன். நீங்க பிரேக்குன்னு நம்புனீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தியிருக்கிறார் அவர். சோற்றில் தண்ணீர் கூடிப்போனதற்கே கத்தியிருக்கிறார். இப்போது சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் முன்னாடி சங்கத்துக் கிடங்குல பம்பர் நசுங்குச்சே."

"யாரோ இடிச்சுட்டாங்கன்னீங்க."

"நான்தான் இடிச்சேன். பெட்டி அடுக்குல. அன்னிக்கும் பிரேக்குன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வியாழக்கிழமை போயிடும், தமயோ."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் பாதி, மீதி அந்தக் கிழவர்மேல் இருந்த பிரியத்தில். மூன்று மாதமாக இவர் தனியாக இதைச் சுமந்துகொண்டு, ராத்திரி ராத்திரியாகப் பீரங்கி, ஆர்கன் என்று ஒப்பித்திருக்கிறார். ஞாபகத்தைப் பற்றி அவருக்குப் பயமே இல்லை. காலைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு படிப்பு.

நோரிஹிகோ வந்து நின்றான். அம்மா அழுவதைப் பார்த்து என்ன என்றான். தமயோ வாயைத் திறப்பதற்கு முன்னால் ஷிகெஹாரு லாரியிலிருந்து இறங்கினார். படி, எஞ்சின், கிடங்கு எல்லாவற்றையும் மகன் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இதை இனி உபயோகிக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

நோரிஹிகோ ஜெயித்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அப்படியானால் நாம் பேசினபடி, என்று ஆரம்பித்தான்.

"பேசினபடி என்ன?" என்றாள் தமயோ. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல வண்டி ஓட்ட ஆள் இல்லைன்னா. அதானே? ஆள் இருக்கு."

"யாரு?"

அவள் தன் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"அம்மா, நீ வண்டி ஓட்டி நாப்பத்து மூணு வருஷமாச்சு."

"யாரு சொன்னா? இப்பதான் பத்து நிமிஷம் ஓட்டிட்டு வரேன்."

தண்ணீர் குடிக்கப் போனவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டாமலே இருப்பவர்கள் எங்கள் நாட்டில் ஏராளம். அவர்களுக்கென்றே பள்ளியில் தனி வகுப்பு உண்டு. கிரினோவிடம் பத்து வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாரம் இரண்டு. இன்று யாரோ வரவில்லையாம், மூன்று மணிக்கே முதல் வகுப்பு. பத்தும் முடித்துக் கிரினோ சரி என்று சொன்னால்தான் சாலைக்கு வருவாள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு மட்சுயாமா கிளம்பிவிடுவாளாம்.

நோரிஹிகோ அப்பாவைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கள் என்ற பார்வை.

ஷிகெஹாரு வேறு எதையோ சொன்னார். கனாயேவுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தபோது, புருஷன் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் தமயோ லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த இரண்டாம் மாதம் லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு பேர் வந்து தூக்கி வைத்தார்கள்.

"நான் அன்னிக்கு இவகிட்ட, நீ எதுக்குக் கஷ்டப்படற, நான் இருக்கேன்லன்னு சொன்னேன். ஆசையாத்தான் சொன்னேன். அத்தோட இவ சாவியைத் தொடல." மகனிடம் சொன்னாலும் அவர் பார்த்தது தமயோவைத்தான். "தப்பு பண்ணிட்டேன். அன்னிக்கே மறுபடியும் ஓட்டச் சொல்லியிருக்கணும்."

தமயோ, போதும், மணி இரண்டரை ஆகிறது என்றாள். இந்த வயதில் வெட்கப்படுவதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்புறம் நடந்தது கணக்குப் பார்த்தால் எளிமையானது. அப்பா ஓட்டக் கூடாது. அம்மா இன்னும் ஓட்ட முடியாது. கனாயே ஜன்னலில் நிற்கிறாள். லாரியில் இரண்டு இடம். தமயோ சாவியை எடுத்து மகன் கையில் வைத்தாள்; வகுப்பு முடிந்து தான் டாக்ஸியில் வீட்டுக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னாள். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தங்கையைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது அவனுக்கு. தொற்றுக் காலத்தில் இல்லத்தைப் பூட்டினார்கள், திறந்த பிறகும் அவன் போகவில்லை. கடைசியாகப் போனபோது கிளம்பும் நேரத்தில் அவள் அழுதது அவன் காதைவிட்டுப் போகவில்லை. பிறகு, போகாமல் இருந்ததே வெட்கமாகி, அந்த வெட்கத்தினாலேயே போகாமல் இருந்தான்.

கியர் வண்டியை மறந்துபோயிருந்தான். லாரி முக்கிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் மலை ஏறியது. இடது சீட்டில் முதல் முதலாக உட்கார்ந்த ஷிகெஹாரு, இல்லாத பிரேக்கைக் காலால் தேடிக்கொண்டே வந்தார். முதல் சுரங்கப் பாதை தாண்டியதும் நோரிஹிகோ பேசினான்.

"நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லணும்ப்பா."

கோடைகாலத்திலேயே மட்சுயாமாவில் ஓர் இல்லத்துக்குக் கனாயேவுக்காக எழுதிப் போட்டிருக்கிறான். அவன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. யாரிடமும் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் போனால் அம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்துவிட்டது. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஓர் இடம் இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சுரங்கம் தாண்டியதும் ஷிகெஹாரு மகன் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கனாயேகிட்ட கேட்டியா?"

அவன் தலையசைத்தான். கேட்கவில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளை இங்கே கொண்டுவந்து விட்டபோது ஷிகெஹாருவும்தான் கேட்கவில்லை.

லாரியின் சத்தம் கேட்டதும் கனாயே வெளியே வந்துவிட்டாள். நீலக் கம்பளிச் சட்டை, தலையை வாரிப் பின்னால் கட்டியிருந்தாள். எப்போதும்போல நேரே ஓட்டுநர் பக்கத்துக்கு வந்து கண்ணாடியில் கையை வைத்தாள். உள்ளே பார்த்தாள். கை அப்படியே நின்றது. நோரிஹிகோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா," என்றாள் கனாயே. "குண்டாயிட்டே."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதற்குள் அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள்.

"அம்மா எடத்துல அப்பா."

"அம்மா வண்டி ஓட்டப் பழகறாம்மா," என்று ஷிகெஹாரு கதவைத் திறந்து இறங்கினார். "இனிமே அப்பா ஓட்டல. பழகி முடிச்சதும் அம்மாவே ஓட்டிட்டு வருவா."

கனாயே இதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு எதையும் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"அடுத்த வியாழக்கிழமை?"

"நான் வரேன்."

வலது கையை விரித்து ஒரு விரலை மடக்கினாள். "அதுக்கு அடுத்த வியாழக்கிழமை?"

"நான்தான்."

இரண்டாவது விரல். "அதுக்கு அடுத்தது?"

"நான்."

மூன்றாவது விரலும் மடங்கியது. நவம்பர் அதோடு முடிந்தது. நாலாவது விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அதுக்கு அடுத்தது?" என்றாள்.

அது டிசம்பர் ஐந்து. அதற்குள் அவளே மட்சுயாமா இல்லத்தில் இருக்கலாம். நோரிஹிகோ அப்பாவைப் பார்த்தான். அவர் மகள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனாயே விரலை மடக்காமல் காத்திருந்தாள்.